அகதா பேசிய படம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில், ஈப்போவில் எல்ஸி படித்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தது ஒரே ஒரு வீடியோ கேமரா. அதற்குப் பங்காளிகளோ ஒரு வகுப்பு முழுக்க. விரிவுரையாளர் ஜைனல் முதல் நாள் அதை மேசைமேல் வைத்து, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் பாடத்தையே தொடங்கினார். தொடாமல் எப்படிப் படிப்பது என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

கேமரா தனி, டேப் சுழலும் ரெக்கார்டர் தனி. கேமராவை ஒருவர் தோளில் சுமக்க வேண்டும். ரெக்கார்டரை இன்னொருவர் பையைப் போல் மாட்டிக்கொண்டு, நடுவில் ஓடும் கம்பி அறுந்துவிடாமல் கூடவே நடக்க வேண்டும். படம் எடுக்கும் முன்னால் வெள்ளைத் தாள் ஒன்றைக் காட்டி, எது வெள்ளை என்று கேமராவுக்கே சொல்லித்தர வேண்டுமாம்.

"கண்ணு இவ்ளோ பெருசா இருக்கு, வெள்ள எதுன்னு தெரியலியாம்லா" என்றாள் முத்தம்மா. அவள் எல்ஸியின் கூட்டாளி, தெலுக் இந்தான்காரி. வாயை மூடிக்கொண்டிருந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஆளுக்கொரு சின்னப் படம் எடுக்க வேண்டும். தம் ஊர்த் தொழில் ஒன்றைப் பற்றி இருக்க வேண்டும். விளக்கம் மலாயில் இருக்க வேண்டும். பெற்றோர் நாளில் மண்டபத்தில் போட்டுக் காட்டுவார்கள். ஜைனல் சொன்ன விதிகளில் ஒன்றை மட்டும் அவர் ஓயாமல் சொன்னார்: பேட்டி கொடுப்பவர் கேமராவைப் பார்க்கக் கூடாது, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். லென்ஸை நேராகப் பார்க்கும் உரிமை செய்தி வாசிப்பவருக்கு மட்டுமே உண்டு. மற்றவர்கள் பார்த்தால் மார்க் போய்விடும்.

எல்ஸி தன் அம்மாவைப் படம் எடுப்பதென்று முடிவு செய்தாள். அகதா தாப்பாவுக்கு உள்ளே கெலாடி தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவள், ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் இறக்குபவள். அந்த வருஷக் கடைசியில் மரங்களைச் சாய்த்து எண்ணெய்ச் செம்பனை நடப்போவதாகத் தோட்டத்தில் பேச்சு. சாய்வதற்குள் எடுத்துவிட்டால் மார்க் விழும் என்பதுதான் எல்ஸியின் கணக்கு. வேறு பெரிய எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை, இருந்ததாகச் சொன்னால் அது புளுகு.

அந்த வீட்டில் ஒரு பெயரைச் சொல்லக்கூடாது. ஆம்புரோஸ். எல்ஸியின் அண்ணன்.

அப்பா சவரிநாதன் தோட்டத்தில் மண்டோர், வெட்டுக்காரர்களை மேய்ப்பவர். நான்கு வருஷத்துக்கு முன்னால் வெட்டுக்காரர்கள் வேலைக்குப் போகமாட்டோம் என்று காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் உட்கார்ந்தபோது, முதல் ஆளாக உட்கார்ந்தவன் அவர் பெற்ற பிள்ளை. தோட்டத்துத் தொரை மண்டோரைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை வீட்டுக்குச் சுமந்து வந்த சவரிநாதன், வரிசை வீட்டு லயத்துச் சனம் அத்தனையும் பார்க்க மகனை அடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். "எவ தொறக்கறாளோ அவளும் அவன்கூடப் போயிடட்டும்" என்றார். வெளியே மழை. ஆம்புரோஸ் அப்பாவைக் கூப்பிடவில்லை. "அம்மா, கதவத் தொறங்கம்மா" என்றுதான் தட்டினான். வெகுநேரம் தட்டினான். அகதா திறக்கவில்லை. தட்டுவது நின்றது. அதோடு போனவன்தான். ஜோகூர் பக்கம் இருப்பதாக யாரோ சொன்னார்கள், இன்னொருவர் சிங்கப்பூர் என்றார். வீட்டுக்கு மட்டும் ஒரு சொல்லும் வரவில்லை.

அதற்குப் பிறகு ஜெபமாலையில் கூட அகதா மகன் பெயரைச் சொல்ல முடியாது, சவரிநாதன் எழுந்து போய்விடுவார். அவள் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வாள்.

படம் எடுக்கும் சனிக்கிழமை சவரிநாதன் சாமான் வாங்கத் தாப்பாவுக்குப் போயிருந்தார். அகதா பூசைக்குக் கட்டும் நீலச் சேலையைக் கட்டி, முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு வந்து நின்றாள். எல்ஸி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா, வெட்டுக்குப் போற துணியத்தான் போடணும். பால் வெட்டறதப் பத்தித்தானே படம்?"

"ஊரு ஒலகம் பாக்கப் போவுது. பால் நாத்தம் புடிச்ச சட்டையோடவா நிக்கச் சொல்ற? போடி." பிறகு முத்தம்மாவைப் பார்த்து, "இது டிவியில எத்தன மணிக்கும்மா வரும்?" என்று கேட்டாள்.

முத்தம்மாவுக்குக் கேட்க வேண்டுமா? "தமிழ்ச் செய்தி முடிஞ்ச ஒடனே போடுவாங்கம்மா" என்றாள் முகம் மாறாமல்.

"ஜோகூர் பக்கமெல்லாம் தெரியுமா?"

"சிங்கப்பூர் வரைக்கும் தெரியும்லா."

தோட்டத்தில் யாரும் கேமராவைக் கண்டதில்லை. கேமரா வைத்திருப்பவர்கள் டிவிக்காரர்கள், அவர்கள் எடுப்பது டிவியில் வரும், டிவி எல்லா ஊருக்கும் தெரியும். அகதாவுக்கு இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? எல்ஸி சிரிப்பை அடக்கிக்கொண்டாளே தவிர, இல்லையம்மா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா ஜோகூரைக் கேட்டபோதாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது! வெள்ளைத் தாளைக் கல்லூரியிலேயே மறந்துவிட்டு வந்த கவலை அவளுக்கு. கடைசியில் அம்மாவின் பூசை முக்காட்டை விரித்துக் காட்டி கேமராவுக்கு வெள்ளையைச் சொல்லிக்கொடுத்தாள்.

முதலில் மரம் வெட்டுவதை எடுத்தார்கள். நீலச் சேலையோடு அகதா உளியை இழுத்தாள், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டியது, எல்லாம் அழகாக வந்தது. பிறகு பேட்டி. வீட்டுக்குள் இருட்டு, கேமராவுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதனால் ரம்புத்தான் மரத்தடியில் ஒரு முக்காலியைப் போட்டு அம்மாவை உட்கார வைத்தாள். தூரத்திலிருந்து எடுத்தால் முகம் மட்டும் தெளிவாகவும் பின்னால் இருப்பதெல்லாம் மங்கலாகவும் வரும் என்று ஜைனல் சொல்லியிருந்தார். ஆகவே எல்ஸி கேமராவோடு தண்ணீர்ப் பைப்பு வரைக்கும் பின்வாங்கிப் போனாள். மைக் மட்டும் நீளக் கம்பியோடு அகதாவின் மடியில் கிடந்தது.

பக்கத்து வீட்டில் ரேடியோ அலறியது. முத்தம்மா ரெக்கார்டரை எல்ஸியின் காலடியில் இறக்கி வைத்துவிட்டு, அதைக் குறைக்கச் சொல்லப் போனாள்.

"அம்மா, எத்தன வயசுல மரம் வெட்டப் போனீங்க?" என்று எல்ஸி அங்கிருந்தே சத்தம் போட்டுக் கேட்டாள்.

அகதா அதற்கு ஏதோ ஒப்புக்குச் சொன்னாள். பிறகு சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். லென்ஸை நேராகப் பார்த்தாள்.

"ஆம்புரோசு. அம்மாதான்யா பேசறேன்."

எல்ஸிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் வாயில் வந்தது ஜைனல் சொன்ன விதிதான். "அம்மா, கேமராவப் பாக்காதீங்க! என் மொகத்தப் பாத்துப் பேசுங்க!"

"ஒன்னப் பாத்து எதுக்குடி சொல்லணும்? ஒனக்குத்தான் தெரியுமே." அகதா கண்ணை எடுக்கவில்லை. "நீ அன்னிக்குக் கதவத் தட்டுனப்ப நான் கதவுக்குப் பின்னாலதான்யா நின்னேன். கொண்டிமேல கைய வெச்சிக்கிட்டேதான் நின்னேன். நீ தட்டத் தட்ட என் கையிலதான்யா விழுந்துச்சு. ஒங்கப்பாவுக்குப் பயந்துக்கிட்டு..."

அதற்கு மேல் அவள் குரல் இறங்கிவிட்டது. அழுகையை அடக்கிப் பேசுகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள், மடியில் இருக்கும் பிள்ளைக்குச் சொல்வது போல. மடியில் மைக்தான் இருந்தது. பைப்படியில் நின்ற எல்ஸிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நெருங்கிப் போயிருக்கலாம். ஆனால் லென்ஸுக்குள் அம்மாவின் முகம் அத்தனை அழகாக இருந்தது. கண்ணில் நீர் தளும்பி நின்றது, வழியவில்லை. ஜைனல் சொல்லித்தந்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு, நடுங்காமல், மெல்ல மெல்ல முகத்தை நெருக்கினாள். இதுவரைக்கும் வகுப்பில் ஒருத்தருக்கும் அவ்வளவு சுத்தமாக வரவில்லை. அந்தச் சந்தோஷம் வேறு. கண் வேலை செய்தால் காது வேலை செய்யாது என்பது கேமராக்காரர்களுக்கு வந்த சாபம்.

அகதா பேசிக்கொண்டே இருந்தாள். பேட்டரியின் சிவப்பு விளக்கு மின்னி, ரெக்கார்டர் தானாக நின்றபோதுதான் எல்ஸி மூச்சை விட்டாள்.

"போதுமா?" என்று கேட்டபடி அகதா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நெஞ்சில் இருந்த கல்லை இறக்கி வைத்தவள் போல் எழுந்து போய், இரண்டு பெண்களுக்கும் தேத்தண்ணி கலக்கினாள். அன்றைக்கு அவள் சமைத்த கருவாட்டுக் குழம்பை முத்தம்மா வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஈப்போவுக்குத் திரும்பிய பிறகு படத்தை ஒட்டும் வேலை. இரண்டு வீடியோ பெட்டி. ஒன்றில் எடுத்து வந்த டேப் ஓடும், மற்றதில் புது டேப்பில் பதியும். வேண்டிய இடம் வரும்போது இரண்டையும் ஒன்றாகத் தட்டிவிட வேண்டும். ஒரு நொடி பிசகினாலும் படம் துள்ளும், கோடு கோடாய்க் கிழியும். முத்தம்மா எண்ணுவாள், எல்ஸி தட்டுவாள். அதே அறையில் இன்னொரு குழு விளக்கம் பதிந்துகொண்டிருந்ததால் சத்தத்தை மொத்தமாக அடைத்துவிட்டு, படத்தை மட்டும் பார்த்துத்தான் ஒட்ட வேண்டியிருந்தது. அம்மா என்ன பேசினாள் என்பதைப் பிறகு ஆற அமரக் கேட்டுக்கொள்ளலாம் என்று எல்ஸி நினைத்தாள். உண்மையைச் சொன்னால், கேட்கப் பயமாகவும் இருந்தது.

ஜைனல் வந்து பார்த்தார். அகதாவின் முகம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். படம் அருமை, ஆனால் அம்மா லென்ஸைப் பார்க்கிறாரே, என்ன சொல்கிறார் என்று கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது.

"வேலையைப் பற்றிச் சொல்கிறார்" என்று மலாயில் சொன்னாள் எல்ஸி.

அப்படியானால் பிரச்சினையே இல்லை என்றார் அவர். படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே உன் குரலில் மலாய் விளக்கத்தைப் போடு, லென்ஸைப் பார்ப்பது தவறாகத் தெரியாது. 'ஆடியோ டப்' என்ற பொத்தானைக் காட்டினார். அதை அழுத்தினால் படம் அப்படியே நிற்கும், பழைய குரல் அழிந்து புதுக் குரல் ஏறும். அழுத்தும் முன்னால் யோசித்துக்கொள், இந்த டேப்பில் பழையது திரும்ப வராது என்று எச்சரிக்கவும் செய்தார். நல்ல மனுஷன், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவர் போனதும் முத்தம்மா பிடித்துக்கொண்டாள். "ஏண்டி பொய் சொன்ன? அம்மா அண்ணன் பேரச் சொன்னாங்கன்னு நீதானே பஸ்ஸுல சொன்ன?"

"எங்க வீட்டு நாத்தத்த இங்க எதுக்குக் கிளறணும்? பெற்றோர் நாளைக்கு எங்கப்பா வருவாரு. அந்தப் பேர மண்டபத்துல கேட்டா எங்கம்மாவ உயிரோட வெப்பாராலா?"

"அப்ப அம்மா பேசுனது?"

"எடுத்த டேப்புல இருக்குல்ல? அது எங்க ஓடிப்போவுது?"

"ஓடிப்போவும். இங்க டேப்பு பத்தாம அடிச்சிக்கிறாங்க. மொதல்ல ஒரு காப்பி எடுத்து வைடி."

"எடுக்கலாம், எடுக்கலாம்" என்றாள் எல்ஸி. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, இபு சாயா, அதாவது என் தாயார், என்று மலாயில் வாசிக்கத் தொடங்கினாள்.

தோட்டத்தில் அகதா காத்திருந்தாள். லயத்தில் டிவி இருந்தது கணக்கெழுதும் கிராணி வீட்டில் மட்டும்தான். தமிழ்ச் செய்தி நேரத்துக்கு அவள் தினமும் போய் வாசலில் நின்று பார்த்துவிட்டு வருவதாக எல்ஸிக்கு, ஊருக்குப் போன ஒரு விடுமுறையில் தெரிய வந்தது. "இன்னும் போடலியேடி" என்று அம்மா கேட்டபோது, "போடுவாங்கம்மா" என்று சொல்லிவிட்டு எல்ஸி குளிக்கப் போய்விட்டாள். அதுவரை அது முத்தம்மாவின் விளையாட்டு. அன்றைக்கு அது எல்ஸியின் பொய்யாகிவிட்டது.

பெற்றோர் நாளுக்கு அப்பாவும் அம்மாவும் பஸ் ஏறி வந்தார்கள். அகதா அதே நீலச் சேலையில் வந்திருந்தாள். விளக்கை அணைத்து எல்ஸியின் படத்தைப் போட்டார்கள். மரம், உளி, மங்கு. பிறகு அகதாவின் முகம், மெல்ல மெல்ல நெருங்கி வருகிறது. வாய் அசைகிறது. எல்ஸியின் குரல் மலாயில் பால்மரத்தின் வரலாற்றைச் சொல்கிறது. மண்டபமே கை தட்டியது. "எம் பொண்ணு மலாய்ல பொளந்து கட்டுதுலா!" என்று சவரிநாதன் முன்பின் தெரியாத சீனர் ஒருவரிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனார். எல்ஸி அம்மாவைத்தான் பார்த்தாள். திரையில் தன் வாய் அசைவதையே அகதா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் முடிந்தும் கை தட்டவில்லை.

பஸ் நிலையத்தில் சவரிநாதன் கச்சாங் பூத்தே வாங்கப் போன நேரம் பார்த்து அகதா கேட்டாள்.

"எல்ஸி, நான் பேசுனது எங்கடி?"

"அம்மா... அது வேற டேப்புல பத்திரமா இருக்கும்மா."

"இது டிவியில வராதா?"

எல்ஸி தலையைக் குனிந்துகொண்டாள். "வராதும்மா. இது எங்களுக்குப் பாடம். அவ்ளோதான்."

அகதா கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. "நான் பாக்காத நேரத்துல போட்டிருப்பாங்க, அவன் பாத்திருப்பான்னு நெனச்சேன்" என்றாள். "பாத்துட்டும் வரலியேன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்டி."

எல்ஸிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது. "அந்த டேப்ப எடுத்துத் தாரேம்மா. சத்தியமா. அண்ணன் இருக்கற எடத்தத் தேடிக் கண்டுபிடிச்சு அவருகிட்டயே குடுத்துடறேன்." சவரிநாதன் பொட்டலத்தோடு வந்துவிட்டார். அகதா முகத்தைத் துடைத்துக்கொண்டு கடலையை வாங்கி மகள் கையில் திணித்தாள்.

மறுநாளே எல்ஸி சாமான் அறைக்கு ஓடினாள். அவள் தேடிய டேப் அலமாரியில்தான் இருந்தது. அவள் கையெழுத்தில் ஒட்டிய சீட்டின்மேல் இன்னொரு சீட்டு. பெட்டியில் போட்டுப் பார்த்தாள். திடலில் பெண்கள் வலைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். வேகமாக ஓட்டினாள். கடைசிவரை வலைப்பந்துதான். வேலை முடிந்த டேப்பில் அடுத்தவர் பதிவது அங்கே வழக்கம், அது அவளுக்கும் தெரிந்த வழக்கம். யார்மேல் பழி போடுவது? முத்தம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொன்னேனே என்று ஒரு தரம் கூடச் சொல்லவில்லை.

அடுத்த விடுமுறையில் எல்ஸி அம்மாவிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். "திரும்ப எடுக்கலாம்மா. கேமரா கேட்டு வாங்கிட்டு வாரேன். நீங்க கேமராவப் பாத்தே பேசுங்க. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அகதா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "வேணாம்டி" என்றாள். "ஒரு தடவதான் வாய் வந்துச்சு."

"அப்ப என்கிட்டயாச்சும் சொல்லுங்களேன், என்ன பேசுனீங்கன்னு."

"ஒன்கிட்ட எதுக்கு? அது அவனுக்குச் சொன்னது."

அவளை அதற்குமேல் பேசவைக்க யாராலும் முடியவில்லை. மழைக்காலம் தொடங்கியது. அகதாவுக்குச் சீனி வியாதி இருந்தது, காலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. புண் காலுக்குமேல் ஏறியது, காய்ச்சல் கண்டது. கிறிஸ்மஸுக்கு முன்பாகவே அவளைத் தோட்டத்துக் கல்லறையில் கொண்டு வைத்தார்கள். பெட்டியை மூடப்போகும்போது சவரிநாதன், "கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்க" என்று சாமியாரைத் தடுத்துவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரை எதிர்பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. ரோட்டில் யாரும் வரவில்லை.

எல்ஸிக்கு ஆயர் தாவாரில் ஒரு தமிழ்ப் பள்ளியில் வேலை கிடைத்தது. வாடகை வீடு. முதல் வேலையாக ஒரு டிவியும் வீடியோ பெட்டியும் வாங்கினாள். கல்லூரியில் கொடுத்த தன் படத்தின் டேப்பை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் போட்டுப் பார்ப்பாள். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுதான் இது.

ஆம்புரோஸ் வந்தது அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. புக்கிட் மெர்த்தாஜம் அன்னம்மாள் திருவிழாக் கூட்டத்தில் தாப்பாக்காரர் ஒருவர் அவனைக் கண்டு, "ஒங்கம்மா தவறிட்டாங்களே தம்பி, தெரியாதா?" என்று கேட்டு, எல்ஸி இருக்கும் இடத்தையும் சொன்னாராம். மெழுகுவர்த்தி கையில் இருக்க, அங்கேயே உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னான். அவனுக்கு முன்நெற்றியில் முடி ஏறிப்போயிருந்தது. எல்ஸி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் அழவில்லை, விறைத்துப்போய் நின்றான்.

சோறு போட்டாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையை உதறினான்.

"அப்பா தோட்டத்துலதான் இருக்காருண்ணே. ரொம்பத் தளந்துட்டாரு."

"அப்பாவப் பத்தி நான் கேக்கல." தட்டையே பார்த்துக்கொண்டு பேசினான். "அப்பா அடிச்சது எனக்கு ஒண்ணுமே இல்ல எல்ஸி. ஆம்பள, அடிப்பாரு. அம்மா தொறக்கல பாரு. அதத்தான் என்னால தாங்க முடியல. நான் கூப்புட்டேன், தொறக்கல. ஒரு வார்த்த கூட உள்ள இருந்து சொல்லல. நான் வேணாம்னு விட்டுட்டாங்கன்னுதான் நான் வரல." பிறகுதான் நிமிர்ந்தான். "கடைசியில எதாச்சும் சொன்னாங்களா? என்னப் பத்தி?"

எல்ஸி எல்லாவற்றையும் சொன்னாள். நீலச் சேலை, கிராணி வீட்டு டிவி, ஆடியோ டப், வலைப்பந்து, ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவன் முகம் இறுகிக்கொண்டே போனது.

"நீ சொல்றத நான் எப்படி நம்பறது?" என்றான். "எம் மனசு ஆறணும்னு நீ கட்டிச் சொல்லலாம்லா."

"படம் இருக்குண்ணே. அம்மா ஒங்களப் பாத்துத்தான் பேசறாங்க. வந்து பாருங்க."

டேப்பைப் போட்டாள். மரமும் மங்கும் ஓடி முடிந்தன. அம்மாவின் முகம் வந்தது. கண் நேராக அவன்மேல் இருந்தது. ஆம்புரோஸ் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில், டிவிக்கு முன்னால் மண்டியிட்டான். இபு சாயா என்று எல்ஸியின் மலாய்க் குரல் கணீரென்று ஒலித்தது.

"ஒன் கொரல அணைச்சிடு" என்றான். அவள் சத்தத்தை அடைத்தாள். அகதா சத்தமில்லாமல் பேசினாள். எல்ஸி முதலிலிருந்து ஓட்டி, அம்மாவின் வாயசைவோடு சேர்ந்து, தான் கேட்டதைச் சொல்லத் தொடங்கினாள்.

"ஆம்புரோசு. அம்மாதான்யா பேசறேன்."

அம்மாவின் உதடு அந்தச் சொற்களுக்கு ஒட்டிப் பிரிந்தது. சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தது. ஆம்புரோஸின் முதுகு ஒருமுறை குலுங்கியது.

"நீ அன்னிக்குக் கதவத் தட்டுனப்ப நான் கதவுக்குப் பின்னாலதான்யா நின்னேன். கொண்டிமேல கைய வெச்சிக்கிட்டேதான் நின்னேன். நீ தட்டத் தட்ட என் கையிலதான்யா விழுந்துச்சு. ஒங்கப்பாவுக்குப் பயந்துக்கிட்டு..."

எல்ஸி நிறுத்தினாள். ஆம்புரோஸ் இப்போது அழுதுகொண்டிருந்தான், பிள்ளையைப் போல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதான். நம்பிவிட்டான். திரையில் அகதா நிறுத்தவில்லை. அவள் முகம் மெல்ல மெல்ல நெருங்கி வந்துகொண்டிருந்தது. வாய் அசைந்துகொண்டே இருந்தது.

"சொல்லு" என்றான் அவன், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இன்னும் பேசறாங்களே. சொல்லு எல்ஸி."

எதையாவது சொல்லிவிடலாம். வந்துடுய்யா, அம்மாவ மன்னிச்சிடுய்யா என்று எந்தத் தாயும் சொல்வதைச் சொன்னால் அவனுக்கு என்ன தெரியப்போகிறது? எல்ஸி வாயைத் திறந்தாள். அம்மாவின் உதடுகள் வேறு எதையோ சொல்லிக்கொண்டு போயின. அவற்றின்மேல் இரண்டாவது முறையும் தன் குரலை ஏற்ற அவளால் முடியவில்லை.

"தெரியலண்ணே" என்றாள். "நான் கேக்கல."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தாள், திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தாள். அவன் மறுபடி திரைப் பக்கம் திரும்பி, டிவிக்கு இன்னும் கிட்டே நகர்ந்தான். அகதாவின் வாய் எப்படி எப்படி அசைந்ததோ, அப்படியே தன் வாயையும் சத்தமில்லாமல் அசைத்துப் பார்த்தான். படம் துள்ளி நின்றது.

"திரும்பப் போடு" என்றான்.